சாப்பிட்டுட்டுத்தான் போட்டேன்

மாதம் ஒருமுறை வந்து சுகர் மாத்திரை வாங்கிப் போவார் அந்த அம்மா. எழுபது வயதுக்கு மேல் இருக்கும். மஞ்சள் துணிப்பைக்குள் ஒரு பிளாஸ்டிக் கவர், அதற்குள் நாலாக மடித்த சீட்டு, சீட்டுக்குள் எண்ணி வைத்த பணம். "பாத்துக் குடு கண்ணு" என்று சொல்லித்தான் சீட்டை நீட்டுவார்.

ஒரு திங்கட்கிழமை மதியம். ஓபி முடிந்து மொத்தக் கூட்டமும் மருந்தகத்துக் கவுன்ட்டருக்கு வந்து சேரும் நேரம். கிளிமிபிரைடு 1 மி.கி., 2 மி.கி. இரண்டும் எங்களிடம் ஒரே கம்பெனி சரக்கு. ஒரே நிற அட்டை, அடுத்தடுத்த டிரே. எண் மட்டும்தான் வேறு. அவருக்கு எழுதியிருந்தது 1. நான் எடுத்துக் கொடுத்தது 2.

நாலாம் நாள் மகன் அவரைக் கூட்டிக்கொண்டு வந்தார். காலையில் வேர்த்துக் கொட்டி, கை நடுங்கி, சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாராம். பக்கத்து வீட்டு மிஷினில் பார்த்தபோது சுகர் 54க்கு இறங்கியிருந்தது. சர்க்கரைத் தண்ணீர் கொடுத்துத் தேற்றியிருக்கிறார்கள். மகன் ஸ்ட்ரிப்பைக் கவுன்ட்டர் மேல் வைத்தார். பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. அவருக்குப் பின்னால் பதினைந்து பேர் நின்றுகொண்டிருந்தார்கள்.

"சாப்பிடாம மாத்திரை போட்டா இப்படித்தாங்க ஆகும். கம்பெனியும் மாறியிருக்கு, வேற தரேன்" என்றேன். யோசித்துச் சொன்னதில்லை. வாயில் தானாக வந்தது. பழைய ஸ்ட்ரிப்பை உள்ளே இழுத்துப் போட்டுவிட்டு 1 மி.கி. எடுத்துக் கொடுத்தேன்.

மகன் அம்மாவின் பக்கம் திரும்பினார். "எத்தனை தடவ சொல்லியிருக்கேன், சாப்பிட்டுட்டுப் போடுன்னு?"

"சாப்பிட்டுட்டுத்தான் போட்டேன்" என்றார் அந்த அம்மா, மெதுவாக. அப்புறம் என்னைப் பார்த்தார். மருந்து கொடுக்கிற ஆள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்திருப்பார். "மறந்திருப்பேன் போல" என்று சொல்லிப் பையை எடுத்துக்கொண்டார்.

மாத்திரை மாறியதற்குக் கூட்டத்தைக் காரணம் சொல்லலாம். ஒரு கிழவியின் ஞாபகத்தை அவர் மகன் முன்னால் நான் பொய்யாக்கியதற்கு எந்தக் காரணமும் இல்லை.

அந்தக் கவுன்ட்டருக்குப் பின்னால், ஃபிரிட்ஜுக்கு மேலே, சட்டம் போட்ட ஒரு பிரார்த்தனை தொங்கும். பெரிய டாக்டர் மாட்டியது. நோயாளியை வலியில் இருக்கும் சக உயிராக மட்டுமே பார்க்கும் மனம் வேண்டும் என்று வரும். கீழே 'மைமோனிடீஸ், 12ஆம் நூற்றாண்டு' என்று போட்டிருக்கும். வருடக்கணக்காக அதன் கீழே நின்று மாத்திரை எண்ணியும் அவர் யார் என்று நான் தேடிப் பார்த்ததில்லை. ஒருமுறை செப்டம்பர் 25, உலக மருந்தாளுநர் தினத்துக்கு என்னைப் பேசச் சொன்னார்கள். பேச்சுக்கு அந்தப் பிரார்த்தனையை எடுத்துக்கொள்ளலாம் என்றுதான் படிக்க ஆரம்பித்தேன்.

முதலில் தெரிய வந்தது, அந்தப் பிரார்த்தனை அவருடையதே இல்லை என்பது. 1783இல் ஜெர்மன் மொழியில்தான் முதன்முதலாக அச்சில் வந்திருக்கிறது. எழுதியவர் மார்க்குஸ் ஹெர்ட்ஸ் என்ற பெர்லின் மருத்துவராக இருக்கலாம் என்கிறார்கள். மைமோனிடீஸ் இறந்து 579 வருடங்களுக்குப் பிறகு! பெரிய டாக்டரிடம் போய்ச் சொன்னேன். "நல்ல வார்த்தைதானே? யார் எழுதினா என்ன?" என்றார்.

அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. யூத மார்க்க அறிஞரும் மருத்துவருமான மைமோனிடீஸே, உண்மையை யார் சொன்னாலும் ஏற்றுக்கொள் என்று எழுதியவர்தான். 'எட்டு அத்தியாயங்கள்' என்ற அறநூலின் முன்னுரையில் அது வருகிறது. அந்த நூலில் யூத முன்னோர்களின் கருத்தோடு கிரேக்க, இஸ்லாமியத் தத்துவவாதிகளின் கருத்துகளையும் எடுத்திருக்கிறார். ஆனால் பெயர் சொல்லவில்லை. பெயரைக் கேட்டதும் முகம் சுளித்து, நல்ல விஷயத்தையும் சேர்த்துத் தள்ளிவிடுவார்கள் என்று காரணமும் சொல்கிறார். அதைப் பலநாள் மனதில் போட்டுப் பார்த்தேன். பெயரைச் சொல்லாமல் விட்டார், சரி. தவறான பெயரைப் போடவில்லையே? ஒரு வெள்ளைத்தாள் கீற்றை வெட்டி, சட்டத்தில் பெயர் இருந்த இடத்தில் ஒட்டினேன். பிரார்த்தனை இன்னும் அங்கேதான் இருக்கிறது.

மூசா இப்னு மைமூன் என்பது அவரது அரபுப் பெயர். யூதர்கள் ராம்பாம் என்பார்கள். 1138இல் (சிலர் கணக்கில் 1135) ஸ்பெயினின் கோர்டோபாவில் பிறந்தவர். 1148இல் அல்மொஹாதுகள் என்ற வட ஆப்பிரிக்க முஸ்லிம் வம்சத்தினர் ஊரைப் பிடித்த பிறகு குடும்பம் ஊர் ஊராக அலைந்து, மொரோக்கோவின் ஃபெஸ், பாலஸ்தீனத்தின் ஆக்ரே என்று போய், கடைசியில் எகிப்தில் இன்றைய பழைய கெய்ரோவான ஃபுஸ்தாத்தில் தங்கியது. மார்க்கக் கல்வியைக் காட்டிக் காசு வாங்கக் கூடாது என்பதில் கடும் பிடிவாதம் அவருக்கு. தம்பி தாவீது வியாபாரம் செய்து குடும்பத்தைப் பார்த்துக்கொண்டார், அண்ணன் படித்தார், எழுதினார்.

அந்தத் தம்பி போன வழி நம் பக்கம். மலபார் மிளகையும் வாசனைப் பொருள்களையும் தேடி எகிப்து வணிகர்கள் செங்கடல் வழியாக வந்துபோன காலம் அது. பாலைவனத்தைக் கடந்து செங்கடலோர ஐதாப் துறைமுகம் வந்த தாவீது, அங்கே அவுரிச் சாயம் தவிர வாங்க எதுவும் இல்லை, அதனால் இந்தியாவுக்குக் கப்பல் ஏறப்போகிறேன் என்று அண்ணனுக்கு எழுதினார். பழைய கெய்ரோவின் பென் எஸ்ரா என்ற யூதத் தொழுகைக்கூடத்தில் குவிந்திருந்த தாள்களோடு அந்தக் கடிதமும் கிடைத்து, இன்று கேம்பிரிட்ஜில் இருக்கிறது. தாவீது இந்தியக் கடலில் மூழ்கிப்போனார். அவரோடு குடும்பத்தின் பணமும் மற்றவர்கள் நம்பிக் கொடுத்த பணமும் போயிற்று. சேதி வந்த பிறகு ஏறத்தாழ ஒரு வருடம் காய்ச்சலோடும் கலங்கிய மனதோடும் படுக்கையில் கிடந்ததாக மைமோனிடீஸ் பின்னாளில் ஒரு நண்பருக்கு எழுதியிருக்கிறார். தம்பி என் மடியில் வளர்ந்தவன், அவன் கையெழுத்தைப் பார்த்தால் இன்னும் நெஞ்சு புரள்கிறது என்று எட்டு வருடம் கழித்தும் சொல்கிறார். மருத்துவம் அவருக்குப் பிழைப்பானது அதற்குப் பிறகுதான்.

நான் அவரோடு ஒட்டிக்கொண்டது 1199இல் அவர் எழுதிய இன்னொரு கடிதத்தில். அவருடைய 'திகைத்தோர்க்கு வழிகாட்டி' நூலை அரபியிலிருந்து ஹீப்ருவுக்கு மொழிபெயர்த்துக்கொண்டிருந்த சாமுவேல் இப்னு திப்போன், நேரில் வந்து பார்க்கட்டுமா என்று கேட்கிறார். வாருங்கள், ஆனால் பேச நேரம் கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள் என்று சொல்லித் தன் ஒரு நாளை விவரிக்கிறார் இவர். காலையில் ஃபுஸ்தாத்திலிருந்து கெய்ரோவில் சுல்தானிடம் போக வேண்டும். சுல்தானுக்கோ பிள்ளைகளுக்கோ அந்தப்புரத்தில் யாருக்கோ உடம்பு சரியில்லை என்றால் நாளின் பெரும்பகுதி அங்கேயே போய்விடும். ஒன்றும் இல்லை என்றாலும் வீடு திரும்ப மதியம் தாண்டிவிடும். பசி உயிர் போகும். வீட்டு முன்கூடம் முழுக்க ஆட்கள். யூதர், யூதரல்லாதவர், பெரியவர், எளியவர், நீதிபதி, சேவகன், வேண்டியவர், வேண்டாதவர். சவாரியிலிருந்து இறங்கி, கை கழுவி, கொஞ்சம் பொறுங்கள், ஒரு வாய் சாப்பிட்டு வருகிறேன் என்று அவர்களிடம் கெஞ்சுகிறார். நாள் முழுவதற்கும் அந்த ஒரு வேளைதான். பிறகு இருட்டும்வரை, சில நாள் இருட்டி இரண்டு மணி நேரம் வரை, ஆள் வந்துகொண்டே இருக்கும். களைப்பில் உட்கார முடியாமல் படுத்தபடியே கேட்டு, படுத்தபடியே மருந்து எழுதுவாராம்.

இதைப் படித்தபோது நைட் டியூட்டி, மணி மூன்று இருக்கும். அதுவரை எனக்கு அவர் சட்டத்துக்குள் இருந்த ஒரு பெயர். அன்றைக்குத்தான் என்னோடு வேலை பார்க்கிற ஆளானார். எந்த மருந்தகத்திலும் ஓபி நாளன்று யாராவது பாதி இட்லியோடு கை கழுவிக்கொண்டு எழுந்து ஓடுவதைப் பார்க்கலாம்.

வயிறு முட்டச் சாப்பிடாதே, கால் வயிறு குறைவாகவே எழுந்துவிடு, சாப்பிடும் முன் உடம்பை அசை, மலத்தை அடக்காதே, எட்டு மணி நேரம் தூங்கு என்று தன் பெரிய சட்ட நூலான 'மிஷ்னே தோரா'வில் எழுதிவைத்தவரும் இவரேதான். 14 தொகுதி கொண்ட மார்க்க நூலில் எதற்கு வயிற்றுக் கதை? உடம்பு நோவில் கிடந்தால் எதையும் அறிந்துகொள்ள முடியாது, ஆகவே உடம்பைக் காப்பதும் இறைவழிதான் என்கிறார். சுல்தான் சலாஹுத்தீனின் மகன் அல்-அஃப்தலுக்காக எழுதிய உடல்நல நூலிலும் மனக்கவலை உடம்பை எப்படி உலுக்கும் என்று விரித்துச் சொல்கிறார். தம்பி போன துக்கத்தில் ஒரு வருடம் படுத்துக் கிடந்தவருக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அவருடைய மருத்துவ நூல்களில் எனக்கு மிகப் பிடித்தது மருந்துப் பெயர்களின் அகராதி. சுமார் 400 பதிவுகள். ஒரே மருந்துக்கு அரபியில் ஒரு பெயர், கிரேக்கத்தில் ஒன்று, பாரசீகத்தில் ஒன்று, வட ஆப்பிரிக்கப் பெர்பர் மொழியில் ஒன்று. சந்தையில் ஒன்று கேட்டு வேறொன்றை வாங்கி வந்துவிடக் கூடாதே என்று நினைத்தாரோ என்னவோ, உட்கார்ந்து வரிசைப்படுத்தியிருக்கிறார். அந்தச் சுல்தான், அந்த முன்கூடம், அந்த ஒரு வேளைச் சாப்பாடு, அதற்கு நடுவே இந்த வேலை. கிளிமிபிரைடு 1, 2 டிரேக்களை நான் இரண்டு வேறு ராக்குகளுக்கு மாற்றிச் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டியது இதைப் படித்த வாரத்தில்தான்.

அதே 'மிஷ்னே தோரா'வில், குணநலன்கள் பற்றிய பகுதியில், ஒரு சொல் என்னைப் பிடித்துக்கொண்டது. அடுத்தவர் மனதைத் திருடுதல். இதுவும் தடைசெய்யப்பட்டது என்கிறார். அவர் தரும் உதாரணங்கள் சின்னச் சின்னவை. சாப்பிட மாட்டார் என்று தெரிந்தே ஒருவரைச் சாப்பிடச் சொல்லி வற்புறுத்துவது. விற்பதற்காக எப்படியும் திறக்க வேண்டிய பீப்பாயைத் திறந்துவிட்டு, உங்களுக்காகத்தான் திறந்தேன் என்று விருந்தாளியை நம்பவைப்பது. இவ்வளவு சின்ன விஷயம்கூடத் திருட்டு என்றால், சாப்பிட்டுவிட்டு மாத்திரை போட்ட ஒருவரைச் சாப்பிடவில்லை என்று நம்பவைத்தேனே, அதற்கு என்ன பெயர்? அன்று அந்த ஸ்ட்ரிப்போடு நான் உள்ளே இழுத்துக்கொண்டது அவர் தன்மேல் வைத்திருந்த நம்பிக்கையையும்தான்.

மனந்திரும்புதல் என்றால் என்ன என்பதற்கும் அவரிடம் தெளிவான பதில் இருக்கிறது. அழுவது, வருந்துவது மட்டும் போதாது. முன்பு தவறு செய்த அதே சூழ்நிலை திரும்ப வர வேண்டும். அதைச் செய்ய உன்னால் முடிய வேண்டும். பயத்தாலோ பலம் போனதாலோ அல்லாமல், நீயாக விலக வேண்டும். அதுவே முழுமையான திரும்புதல்.

எனக்கு அது ஒன்பது வருடம் கழித்து வந்தது. மாலையில் ஸ்டாக் சரிபார்க்கும்போது தைராக்சின் 100 மை.கி. பாட்டில் ஒன்று குறைந்தது, 50இல் ஒன்று அதிகமாக இருந்தது. பில்களைப் புரட்டியதில் 50க்குப் பதில் 100 யாருக்குப் போனது என்று தெரிந்தது. கொடுத்தது நான்தான். ரிஜிஸ்டரில் ஒரு அடித்தல் போட்டால் கணக்கு நேராகிவிடும். அந்த ஆள் அடுத்த மாதம் வந்தால் 'கம்பெனி மாறியிருக்கு' என்று சொல்லிவிடலாம். மாத்திரை வேறு, ஆனால் அதே பொய் வாய்வரை வந்து நின்றது. பில்லில் இருந்த எண்ணுக்குப் போன் போட்டேன். "நான் தப்பான மாத்திரை கொடுத்துட்டேங்க. தப்பு என்னோடது. அதைப் போடாதீங்க, எடுத்துட்டு வாங்க."

அரை மணி நேரத்தில் வந்துவிட்டார். அன்று காலையில் ஒரு மாத்திரை போட்டிருந்தார். டாக்டரிடம் கூட்டிப் போய்க் காட்டினேன், ஒன்றும் ஆகாது என்றார். வெளியே வந்ததும் கவுன்ட்டர் முன்னால் நின்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி என்னைத் திட்டினார். அவர் திட்டியதில் ஒரு வார்த்தைகூட அதிகமில்லை. அடுத்த நாள் எனக்கு மெமோவும் வந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன். அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன்.

ஆனால் கணக்கு அதோடு தீரவில்லை. மனிதனுக்கு மனிதன் செய்த தவறு, அந்த மனிதரிடம் போய் மன்னிப்புக் கேட்டு அவர் மனம் ஆறினால்தான் தீரும் என்கிறார் மைமோனிடீஸ். அந்த அம்மா இரண்டொரு மாதம் வந்தார், அப்புறம் வரவில்லை. வந்த மாதங்களிலும் சீட்டை நீட்டி "பாத்துக் குடு கண்ணு" என்றார், நான் பார்த்துக் கொடுத்தேன், வாய் திறக்கவில்லை. தைராக்சின் விஷயத்துக்குப் பிறகு பழைய பில்லில் இருந்த தெருப் பெயரை வைத்து விசாரித்துப் போனேன். வீட்டில் வேறு குடும்பம் இருந்தது. பாட்டி தவறி நாலு வருடம் ஆகிறது, மகன் ஊரை விட்டுப் போய்விட்டார் என்றார்கள்.

மன்னிப்புக் கேட்கும் முன் அந்த மனிதர் இறந்துவிட்டால் என்ன செய்வது என்றும் மைமோனிடீஸ் எழுதி வைத்திருக்கிறார். பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு சமாதிக்குப் போய், அவர்கள் முன்னால், இன்னாருக்கு நான் இன்னது செய்தேன் என்று சொல்ல வேண்டும். அந்த அம்மாவை எரித்தார்களா, புதைத்தார்களா என்பதுகூட எனக்குத் தெரியாது. இதைப் படிக்கிறவர்கள் பத்துப் பேராவது இருப்பீர்கள். உங்கள் முன்னால் சொல்கிறேன்.

அம்மா, நீங்கள் சாப்பிட்டுவிட்டுத்தான் மாத்திரை போட்டீர்கள். மாற்றிக் கொடுத்தது நான்.