ரிவர்ட் போடும்போது காரணத்தையும் எழுதுங்கள்

போன ஜூனில் மீன்பிடித் தடைக்காலம் முடிந்து, விசைப்படகுகள் முதல் தடவை கடலுக்குப் போய்க் கரை திரும்பிய காலை அது. ராமேசுவரம் பக்கத்து மண்டபத்தில் இறால் வாங்கும் வியாபாரி ஒருவர் ஐந்தரை மணிக்கே போன் செய்தார். "தம்பி, பில்லுல மறுபடி எடை கொறையுது. படகுக்காரங்க சண்டைக்கு வர்றாங்க. போன தடவையே சரி பண்ணியாச்சுன்னு சொன்னீங்களே?" என்றார். உண்மைதான், மார்ச்சிலேயே சரி செய்திருந்தேன். அதே கோளாறு எப்படித் திரும்பி வந்தது என்று கிட் (கோட் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் மென்பொருள்) லாகைத் திறந்து பார்த்ததும் காரணம் புரிந்துவிட்டது: ஒரு மாற்றத்தைத் திருப்பி எடுத்தபோது, அதாவது ரிவர்ட் செய்தபோது, நான் எழுதாமல் விட்ட இரண்டு வரி.

நாங்கள் மூன்று பேர் சேர்ந்து மண்டபம், தங்கச்சிமடம் பக்கத்துக் கமிஷன் கடைகளுக்குப் பில் போடும் ஆப் ஒன்றை எழுதித் தருகிறோம். தராசிலிருந்து எடை புளூடூத்தில் வரும், விலையைப் போட்டால் பில் வந்துவிடும். பிப்ரவரியில் எங்களில் இளையவன், பெட்டி எடையை 100 கிராமுக்குக் கீழ்ப்பக்கமாக ரவுண்ட் செய்யும்படி ஒரு கமிட் (கிட்டில் பதிவாகும் ஒரு மாற்றம்) போட்டான். கேட்டது வியாபாரிகள்தான். கோழித்தீவனத்துக்குப் போகிற மலிவு மீனான சங்காயத்தை எடை போடும்போது கடைசி இரண்டு இலக்கத்துக்கு அர்த்தமே இல்லை, ஐஸ் தண்ணீர் வடிவதிலேயே அதைவிட அதிகம் போய்விடும். ஆனால் அதே கணக்கு இறாலுக்கும் ஓடியது. 12.480 கிலோ பெட்டி 12.400 ஆனது, கிலோ 500 ரூபாய் இறாலில் ஒரு பெட்டிக்கு 40 ரூபாய் படகுக்காரர் கையை விட்டுப் போனது.

மார்ச்சில் இது தெரிந்ததும் ‘கிட் ரிவர்ட்’ அடித்தேன். எடிட்டர் திறந்தது, கிட் தானே எழுதிவைத்த வாசகத்தைப் படித்துக்கூடப் பார்க்காமல் சேமித்து மூடிவிட்டுப் புஷ் செய்தேன். கிட் என்ன எழுதும் என்று உங்களுக்கே தெரியும்: தலைப்பில் ‘ரிவர்ட்’ என்று போட்டுப் பழைய கமிட்டின் தலைப்பை மேற்கோளுக்குள் வைக்கும், கீழே அந்தக் கமிட்டின் 40 எழுத்து ஹாஷை, அதாவது அடையாளக் குறியீட்டைத் தரும். எதைத் திருப்பினோம் என்பது அதில் இருக்கிறது. ஏன் திருப்பினோம் என்பது ஒரு சொல்கூட இல்லை.

அப்புறம் ஏப்ரல் 15 வந்தது. ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது, எங்களுக்கும் போன் வராது, அந்த நாட்களில்தான் ஆப்பின் கோட் வரிகளைச் சுத்தம் செய்வோம். அப்படிச் சுத்தம் செய்யும்போது இளையவன் தன்னுடைய கமிட் திருப்பப்பட்டிருப்பதைப் பார்த்தான். காரணம் எதுவும் இல்லை. மார்ச்சில் அதே வாரம் வேறொரு மெர்ஜில் (தனித்தனியாக எழுதியதை ஒன்றாக இணைப்பதில்) நிறைய குழப்பம் நடந்திருந்ததால், இதுவும் தவறிப்போய்த் திருப்பப்பட்டது என்று நினைத்து, ரிவர்ட்டையே ரிவர்ட் செய்துவிட்டான். அவன் செய்தது நியாயமான வேலை. டெஸ்ட் எல்லாம் பாஸ் ஆனது. முதல் இறால் பெட்டி தராசில் ஏறும்வரை யாருக்கும் தெரியவில்லை.

இதை யோசிக்க யோசிக்க எனக்கு ஒன்று தெளிவாகப் பட்டது. சாதாரணக் கமிட்டில் மெசேஜ் மோசமாக இருந்தாலும் கோட் வரிகளைப் படித்து ஓரளவு ஊகித்துவிடலாம்: புதிதாக ஒரு ஃபங்ஷன் இருக்கும், ஒரு பெயர் இருக்கும், ஒரு டெஸ்ட் இருக்கும். ரிவர்ட்டில் அப்படி எதுவும் கிடையாது. முன்பு வந்த வரிகள் போயிருக்கும், போன வரிகள் வந்திருக்கும், அதைத் தவிர அந்த டிஃப்பில் (மாறிய வரிகளின் பட்டியலில்) ஒரு தகவலும் இல்லை. நமக்குத் தெரிந்ததைச் சொல்ல இருக்கும் ஒரே இடம் மெசேஜ்தான், நாம் காலியாக விட்டுவிடுகிற இடமும் அதுவே. பாம்பன் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றினால் எல்லோரும் முதலில் கேட்பது ‘எத்தனாம் நம்பர்?’ என்றுதான். ஒன்று என்றால் எங்கோ தொலைவில் கடலில் ஏதோ உருவாகிறது, பத்து என்றால் பெரிய ஆபத்து. நம்பர் சொல்லாமல் கூண்டை மட்டும் ஏற்றினால் கரையில் இருப்பவன் என்ன முடிவெடுப்பான்?

அன்று காலை இரண்டாவது தடவை திருப்பியபோது இப்படி எழுதினேன் (நாங்கள் கமிட் மெசேஜ் தமிழிலேயே எழுதுவோம், கிட்டுக்கு யூடிஎஃப்-8 எழுத்துமுறை போதும்):

"100 கிராம் ரவுண்டிங்கைத் திருப்புகிறேன்: இறால் எடை குறைகிறது

பெட்டி எடை கீழ்ப்பக்கம் ரவுண்ட் ஆவதால் 12.480 கிலோ 12.400 ஆகிறது. சங்காயத்துக்குப் பரவாயில்லை, இறாலில் இந்தப் பெட்டிக்கு 40 ரூபாய் படகுக்காரருக்கு நஷ்டம். மார்ச்சில் இதே காரணத்துக்காகத் திருப்பினேன், அப்போது காரணம் எழுதவில்லை.

டேட்டாபேஸில் சேர்த்த புதிய நெடுவரிசையை எடுக்கவில்லை, அதில் ஏற்கெனவே பில்கள் இருக்கின்றன.

மறுபடி கொண்டுவருவதானால் ரவுண்டிங் அளவு மீன் வகைக்கு வகை தனியாக இருக்க வேண்டும்."

கடைசி வரிதான் எனக்கு முக்கியம். திருப்புவது என்றால் அந்த யோசனையே தப்பு என்று அர்த்தமில்லை, பெரும்பாலும் ‘இப்போது வேண்டாம், இது சரியானதும் வரலாம்’ என்றுதான் அர்த்தம். அந்த ‘இது’ என்ன என்று எழுதாவிட்டால் அடுத்தவன் ஒன்று அப்படியே திரும்பப் போடுவான், இல்லாவிட்டால் பயந்துபோய்த் தொடவே மாட்டான். அதேபோல எது திரும்பவில்லை என்பதையும் சொல்லிவிடுங்கள். பாதி மட்டும் திருப்பிவிட்டு, கிட் கொடுத்த ‘ரிவர்ட்’ தலைப்பை அப்படியே விடுவது பொய் சொல்வதற்குச் சமம், படிப்பவன் முழுவதும் போய்விட்டது என்றுதான் நம்புவான்.

இன்னொன்று, சந்தேகத்தில் திருப்பினால் சந்தேகம் என்றே எழுதுங்கள். கடை திறக்கிற நேரத்தில் எது உடைந்தது என்று உறுதியாகத் தெரியாமல், கடைசியாக வந்ததை எடுத்துப் பார்ப்போம். தப்பே இல்லை. ஆனால் ‘இதனால்தான் என்று உறுதியில்லை, எடுத்தபின் பில் சரியாக வருகிறதா என்று பார்க்கிறோம்’ என்று ஒரு வரி இல்லாவிட்டால், அந்தக் கமிட் எழுதியவன் தலையில் செய்யாத குற்றம் வந்து உட்காரும்.

கிட்டை எழுதுகிறவர்களுக்கும் இது தெரிந்தே இருக்கிறது. 2022இல் வந்த 2.37 பதிப்பில் ரிவர்ட்டுக்கு ‘ரெஃபரன்ஸ்’ என்று ஓர் ஆப்ஷன் சேர்த்தார்கள். அதைப் போட்டால் எடிட்டரில் தானே எழுதிய தலைப்பு வராது, அதற்குப் பதில் ஏன் திருப்புகிறோம் என்பதைத் தலைப்பு வரியில் சொல்லுங்கள் என்று பெரிய எழுத்தில் ஒரு குறிப்பு நிற்கும். கிட்டின் கன்ஃபிகில் (அமைப்புகளில்) ஒரு தடவை வைத்துவிட்டால் எப்போதும் அப்படியே வரும், நாங்கள் மூன்று பேரும் வைத்துவிட்டோம். 2023இல் வந்த 2.43இலிருந்து ரிவர்ட்டை ரிவர்ட் செய்தால் தலைப்பு ‘ரீஅப்ளை’ என்று வருகிறது. அதற்கு முன்பு ரிவர்ட்டுக்குள் ரிவர்ட், அதற்குள் ரிவர்ட் என்று மேற்கோள்குறிகள் குவியும், கோட் இப்போது உள்ளே இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்று விரல்விட்டு எண்ண வேண்டும்.

மெர்ஜைத் திருப்பும்போது இன்னும் கவனம். கோட் போய்விடும், ஆனால் அந்தப் பிராஞ்ச் (தனிக் கிளையாக எழுதிய கோட்) மெர்ஜ் ஆகிவிட்டது என்ற கணக்கு கிட்டிடம் அப்படியே இருக்கும். இரண்டு வாரம் கழித்து அதே பிராஞ்சில் கோளாறைச் சரிசெய்து மறுபடி மெர்ஜ் செய்தால் புதிய கமிட்கள் மட்டும் வரும், பழையவை வராது, பாதி கோட் காணாமல் போனதாக எல்லோரும் தேடிக்கொண்டிருப்பார்கள். முதலில் அந்த ரிவர்ட்டை ரிவர்ட் செய்துவிட்டுத்தான் மெர்ஜ் செய்ய வேண்டும். இதை மெர்ஜைத் திருப்புகிற மெசேஜிலேயே எழுதிவைப்பது நல்லது, அந்த நாளில் தேடுகிறவன் முதலில் திறப்பது அதைத்தான்.

செப்டம்பரில் இளையவன் ரவுண்டிங்கை மறுபடி கொண்டுவந்தான். சங்காயத்துக்கு 100 கிராம், மற்ற மீனுக்கு 50, இறாலுக்கும் நண்டுக்கும் ரவுண்டிங்கே கிடையாது. மெசேஜில் என்னுடைய ஜூன் ரிவர்ட்டின் ஹாஷைப் போட்டு, அதற்குக் கீழே ‘கேட்டபடி வகைக்கு வகை தனியாக வைத்திருக்கிறேன், 12.480 கிலோ இறால் பெட்டிக்கு ஒரு டெஸ்டும் சேர்த்திருக்கிறேன்’ என்று எழுதியிருந்தான்.