'தெரியல' என்ற சொல்

2024 மக்களவைத் தேர்தல். எங்கள் வேட்பாளர் அரசியலுக்குப் புதிது; பள்ளிக்கூடம், வீடு என்று இருந்தவர். ஏப்ரல் 17 மாலையோடு பிரசாரம் ஓய்ந்துவிடும். ஆறு சட்டமன்றத் தொகுதிகளையும் சுற்றி முடிக்க மூன்று வாரம்கூட இல்லை.

நூறு நாள் வேலைக்குப் போகும் அம்மா ஒருவர் வேனை மறித்துக் கேட்டார்: "நாள் கூலி 294ன்னாங்க, இப்ப 319ங்கறாங்க. எங்களுக்கு 200 தாண்டலையே, ஏன் தாயி?"

வேட்பாளர் மைக்கைத் தாழ்த்திக்கொண்டு, "தெரியலம்மா. விசாரிச்சுட்டு வந்து சொல்றேன்" என்றார். நோட்டில் ஊர்ப் பெயரோடு குறித்தும் கொண்டார்.

வேன் நகர்ந்ததும் நான் சொன்னேன்: "இனிமே 'தெரியல'ன்னு மட்டும் சொல்லாதீங்க மேடம். போன்ல எடுத்திருப்பாங்க. 'டெல்லியில உங்களுக்காகக் குரல் கொடுப்பேன்'னு சொல்லிட்டு அடுத்ததுக்குப் போயிடுங்க."

"தெரியாததைத் தெரியலன்னு சொன்னா தப்பாண்ணே?"

"தப்பில்ல. ஓட்டு விழாது."

அதில் நியாயம் இருந்ததாகத்தான் இப்போதும் நினைக்கிறேன். பத்து விநாடி வீடியோ ஒரு வேட்பாளரை என்ன பாடு படுத்தும் என்று பார்த்தவன் நான். ஆனால் அந்த அம்மாவின் கேள்விக்குப் பதில் எனக்குத் தெரியும். அறிவிக்கிற தொகை முழு அளவு வேலைக்கு. வெட்டிய மண்ணை அளந்து பார்த்து, அளவு குறைந்தால் கூலியும் குறையும். சொல்லிக்கொடுக்க இரண்டு நிமிடம் போதும். அந்த இரண்டு நிமிடத்தில் நான் மழுப்பக் கற்றுக்கொடுத்தேன்.

வேட்புமனுவுக்காக, சொத்து, வழக்கு விவரம் எழுதித் தரும் உறுதிமொழிப் பத்திரமான படிவம் 26 நிரப்பியபோது இதே நான்தான், "ஒரு கட்டத்தையும் காலியா விடாதீங்க மேடம், இல்லைன்னா இல்லைன்னு, தெரியாதுன்னா தெரியாதுன்னு எழுதுங்க, விட்டா மனுவே தள்ளுபடியாகலாம்" என்று இரண்டு ராத்திரி உட்கார்ந்து பார்த்தேன்.

மறுநாள் வேறோர் ஊரில் அதே கேள்வி. வேட்பாளர் தடுமாறவே இல்லை. கூட்டம் கைதட்டியது. கேட்டவர் மட்டும் தட்டவில்லை. வேலை அட்டையை மூடி மடியில் செருகிக்கொண்டு நடந்தார். அன்றைக்கு எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

தோற்றோம். 'தெரியல' என்றே சொல்லிக்கொண்டிருந்தாலும் தோற்றிருப்போம். அதனால் நான் சொன்னது சரி என்று ஆகிவிடுமா? நாளைக்கே ஒரு புதுமுகம் வந்தால் அவரிடமும் அதையேதான் சொல்வேனோ என்னவோ.

வேனைத் திருப்பிக் கொடுக்கும்போது சீட்டுக்கடியில் அந்த நோட்டு கிடந்தது. நான் பேசிய நாளுக்கு அப்புறம் அதில் ஒரு வரிகூட ஏறவில்லை. எழுதிய கடைசிப் பக்கத்தில் அந்த ஊரின் பெயர். அதற்குக் கீழே, 'கூலி ஏன் குறையுது? திரும்பப் போகணும்.'

போகவில்லை.