முதல் செமஸ்டரில் வீணான நான்கு யூனிட்

கலிஃபோர்னியாவில் கம்யூனிட்டி கல்லூரியில் (இரண்டாண்டு அரசுக் கல்லூரி) இரண்டு ஆண்டு படித்து, 60 யூனிட் (பாடங்களின் எடையைக் குறிக்கும் கிரெடிட்) சேர்த்து, மூன்றாம் ஆண்டில் யூசி எனப்படும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் வளாகம் ஒன்றுக்கு மாறி மெக்கானிக்கல் இன்ஜினீயரிங் முடிப்பதுதான் என் திட்டம். விண்ணப்பம், வசிப்பிடச் சான்று, நிதியுதவிப் படிவம் எல்லாம் தடையில்லாமல் முடிந்தன. மாநிலவாசிகளுக்கு யூனிட்டுக்கு 46 டாலர்தான் என்பதால் வீட்டிலும் நிம்மதி. என் நம்பிக்கை உடைந்தது கல்லூரியில் பாடத் தேர்வுக்கு ஆலோசனை சொல்லும் கவுன்சிலரின் அறையில்.

வகுப்புகள் தொடங்கும் முன் அங்கே நீண்ட வரிசை. என் முறை வந்தபோது கவுன்சிலர் கணினியில் என் விவரத்தைக்கூடத் திறக்கவில்லை. "இன்ஜினீயரிங்கா? இந்த இயற்பியலை எடுங்கள், யூசி ஏற்றுக்கொள்ளும்" என்று ஒரு பாட எண்ணை எழுதித் தந்துவிட்டு அடுத்தவரை அழைத்தார்.

அது உயிரியல், மருத்துவம் பக்கம் போகிறவர்களுக்கான இயற்பியல், கால்குலஸ் (நுண்கணிதம்) இல்லாதது. யூசி அதை ஏற்பது உண்மைதான், ஆனால் வெறும் யூனிட்டாக. இன்ஜினீயரிங்குக்குக் கால்குலஸ் அடிப்படையிலான இயற்பியல் வேண்டும். அதையும் பின்னர் படித்தால் இரண்டுக்கும் சேர்த்து முழு யூனிட் தரமாட்டார்கள். ஒன்றுக்கு உரிய அளவோடு நிறுத்திவிடுவார்கள். அந்த இடத்தில் வேதியியல் படித்திருந்தால் ஒரு கட்டாயப் பாடம் முடிந்திருக்கும்.

ஆய்வகத்தில் ஒரு மூத்த மாணவர் சொல்லித்தான் இதெல்லாம் தெரிந்தது. அதற்குள் பணம் திரும்பக் கிடைக்கும் கெடுவும், பதிவில் சுவடில்லாமல் விலகும் கெடுவும் கடந்துவிட்டன. இனி விலகினால் மதிப்பெண் பட்டியலில் 'டபிள்யூ', அதாவது பாதியில் விலகியதற்கான குறி, விழும். அது சராசரியைக் குறைக்காது. ஆனால் 12 யூனிட்டுக்குக் கீழே இறங்கினால் முழுநேர மாணவர் என்ற தகுதி போய்விடும், நிதியுதவியிலும் கைவைப்பார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு படித்து முடித்தேன். கவுன்சிலரிடம் கேட்டதற்கு, "ஏற்றுக்கொள்ளும் என்றுதானே சொன்னேன்" என்றார். இரவு வேலை முடித்து நேராக வகுப்புக்கு வருகிறவர்கள், குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவர்கள் என்னோடு படிக்கிறார்கள். அந்த அறையில் சொல்வதை நம்புவதைத் தவிர அவர்களுக்கு வேறு வழி கிடையாது. என் நான்கு யூனிட்டைவிட அதுதான் எனக்கு ஆறவில்லை.

கால்குலஸ் வகுப்பிலும் இடமில்லை, காத்திருப்போர் பட்டியல்தான். நிதியுதவிப் பணத்தைச் சுருட்டுவதற்காகப் போலிப் பெயர்களில் கும்பல்கள் சேர்ந்து இடத்தை அடைப்பது இந்த மாநிலக் கல்லூரிகளில் பெரிய தலைவலி, குறிப்பாக ஆன்லைன் வகுப்புகளில். என் வகுப்பும் ஆன்லைன்தான். பேராசிரியருக்கு முன்கூட்டியே மின்னஞ்சல் அனுப்பி, முதல் நாளிலிருந்தே பாடங்களைச் செய்துவந்தேன். பதிலே தராத பெயர்களை அவர் நீக்கியதும் சேர்க்கைக் குறியீடு எனக்கு வந்தது. அன்று குதித்தேன். காத்திருப்போர் பட்டியலில் இருப்பவர்கள் முதல் இரண்டு வாரம் அதிலிருந்து விலகிவிடாதீர்கள்.

பாடம் தேர்வு செய்யும் முன் அசிஸ்ட் டாட் ஆர்க் தளத்தில் உங்கள் கல்லூரி, போக விரும்பும் வளாகம், துறை மூன்றையும் கொடுத்துப் பாருங்கள். எந்தப் பாடத்துக்கு எது ஈடு என்று அங்கே இருக்கிறது. அந்தப் பக்கத்தை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொண்டு கவுன்சிலரைப் பாருங்கள். "ஏற்றுக்கொள்வார்களா?" என்று கேட்காமல், "என் துறையில் எந்தக் கட்டாயப் பாடத்துக்கு ஈடாகும்?" என்று கேளுங்கள். பதிலை மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள்.

செமஸ்டர் முடியும் தறுவாயில், பல்கலைக்கழகத்துக்கு மாறுகிறவர்களுக்கு உதவும் இடமாற்ற மையத்தில் இருந்த வேறொரு கவுன்சிலர் பொறுமையாக உட்கார்ந்து நான்கு செமஸ்டருக்கும் கல்வித் திட்டம் போட்டுத் தந்தார். யூசியின் ஆறு வளாகங்கள் தரும் இட உத்தரவாதத்துக்குச் செப்டம்பர் 1 முதல் 30 வரைதான் விண்ணப்பிக்க முடியும் என்பதும் அவர் சொல்லித்தான் தெரியும். பெர்க்லி, லாஸ் ஏஞ்சலிஸ், சான் டியேகோ அதில் இல்லை. மற்ற வளாகங்களிலும் எல்லாத் துறைகளுக்கும் கிடைக்காது என்பதால் துறைவாரியாகப் பார்க்க வேண்டும். திட்டம் பதிவானதால் வகுப்புகளில் இடம் பிடிப்பதில் எனக்கு முன்னுரிமையும் கிடைத்தது. அடுத்த செமஸ்டருக்குக் கால்குலஸ் இரண்டாம் பகுதி, வேதியியல், சரியான இயற்பியல் மூன்றிலும் இடம் வாங்கிவிட்டேன்.