கிரைட்டன் பேச்சும் பாசடீனா சாம்பலும்

ஜனவரி 11, 2025, சனி

காற்று இன்று கொஞ்சம் தேவலை. செவ்வாய் இரவு லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கத்து ஈட்டன் பள்ளத்தாக்கில் பிடித்த தீ ஆல்டடீனாவைத் தின்றுவிட்டு மலைமேல் ஏறியிருக்கிறது. நாங்கள் இருப்பது பாசடீனாவின் தெற்குப் பக்கம். எங்கள் தெருவுக்கு வந்தது சாம்பல் மட்டும்தான்.

அடுத்த சனிக்கிழமை வாசகர் வட்டம், ஜூமில். எடுத்துக்கொண்டிருப்பது ‘ஜுராசிக் பார்க்’ நாவலாசிரியர் மைக்கேல் கிரைட்டன் 2003 ஜனவரி 17 அன்று இங்கே கால்டெக்கில் (கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகம்) ஆற்றிய உரை. டிசம்பரிலேயே மதுரை சார் தேர்ந்தெடுத்துவிட்டார். தொடங்கி வைக்க வேண்டியவள் நான். உரையின் தலைப்பு: ‘வேற்றுக்கிரகவாசிகளே புவி வெப்பமாதலுக்குக் காரணம்’. கிண்டல்தான்: வேற்றுக்கிரகவாசிகளைத் தேடிய அதே ஊக அறிவியல்தான் வெப்பமாதல் பயத்துக்கும் வழிவிட்டது என்பது அவர் வாதம். வெளியே இந்த நாற்றம், உள்ளே இந்தத் தலைப்பு.

ஜனவரி 13, திங்கள்

ஆள் சாதாரணப்பட்டவர் இல்லை. ஹார்வர்டில் மருத்துவம் படித்து முடித்தும் டாக்டராகத் தொழில் பார்க்கவில்லை. எழுதினார், படம் இயக்கினார், தயாரித்தார். 1994-ல் அமெரிக்காவில் நாவல், திரைப்படம், தொலைக்காட்சித் தொடர் மூன்றிலும் ஒரே நேரத்தில் அவர் பெயர்தான் முதலிடத்தில். சூறாவளியைத் துரத்தும் விஞ்ஞானிகள் பற்றிய 1996-ன் பெரிய படத்துக்கு அவரும் ஒரு தயாரிப்பாளர். உயரம் வேறு ஆறே முக்கால் அடி. மேடையில் நின்றாலே பாதி வேலை முடிந்திருக்கும்.

உரை டிரேக் சமன்பாட்டில் தொடங்குகிறது. வேற்றுலக நாகரிகங்கள் எத்தனை என்று கணக்குப் போடும் சூத்திரம். உள்ளே போடும் எண்களில் பெரும்பாலானவை யாருக்கும் தெரியாதவை, ஆகவே விடையும் ஊகம்தான் என்கிறார். நியாயம். அங்கிருந்து 1983-ன் ‘அணுக்குளிர்காலம்’ ஆய்வுக்குப் போகிறார், அணு ஆயுதப் போர் வந்தால் புகை வெயிலை மறைத்து உலகமே குளிர்ந்துவிடும் என்ற ஆய்வு: அரைகுறைக் கணக்கை வைத்துக்கொண்டு வானியலாளர் கார்ல் சேகனும் கூட்டாளிகளும் பத்திரிகைகளிடம் ஓடினார்கள் என்று குற்றச்சாட்டு. அதிலும் கொஞ்சம் உண்மை உண்டு.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். சன்னலைச் சாத்திவைத்துப் பால் பொங்கியது. அம்மாவுக்கு வீடியோவில் காட்டினேன். “ஊரு பக்கம் வந்துடேன்டி” என்றாள். படிக்கவில்லை.

ஜனவரி 15, புதன்

உரையின் உயிர் நடுப்பகுதியில் இருக்கிறது. ‘பெரும்பான்மை விஞ்ஞானிகளின் ஒருமித்த கருத்து’ என்பது அரசியல்வாதிகளின் சரக்கு, அறிவியலுக்கு அது வேண்டாம் என்கிறார். பிறகு வரிசையாகக் கதைகள். பிரசவக் காய்ச்சலைக் கையைக் கழுவியே தடுக்கலாம் என்று வியன்னாவில் காட்டிய செம்மல்வைஸ். கண்டங்கள் நகர்கின்றன என்று 1912-ல் சொல்லிப் பரிகாசத்துக்கு ஆளான வெகனர்.

எனக்கு மறக்காதது கோல்ட்பெர்கர். அமெரிக்கத் தெற்கில் பெலாக்ரா என்ற நோய் ஆயிரக்கணக்கானோரைக் கொன்றுகொண்டிருந்தது. தோல் உரியும், பேதியாகும், புத்தி பேதலிக்கும். கிருமிதான் காரணம் என்றது மருத்துவ உலகம். 1914-ல் அரசு அனுப்பிய கோல்ட்பெர்கர் சாப்பாடுதான் காரணம் என்றார். மறுநாளே யாரும் நம்பிவிடவில்லை. மிசிசிப்பிச் சிறைப்பண்ணையில் தொண்டர்களாக முன்வந்த கைதிகளுக்குச் சோளமாவும் அரிசியும் சர்க்கரைப் பாகுமாகக் கொடுத்து நோயை வரவழைத்துக் காட்டினார். பிறகு நோயாளிகளின் இரத்தத்தைத் தனக்கும் மனைவிக்கும் ஊசியில் ஏற்றி, புண் பொருக்கைக்கூட மாத்திரையாக விழுங்கி, ஒன்றும் தொற்றவில்லை என்று நிரூபித்தார். அந்தச் சத்து நியாசின் என்று தெரியவந்தது 1937-ல். அவர் இறந்ததோ 1929-ல்.

இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் எவருக்கும் தனியாளின் பக்கம் சாயத்தான் தோன்றும். சாய்ந்ததும் கிரைட்டன் வெப்பமாதலுக்கு வந்துவிடுகிறார். இப்போது தனியாள் அவர்! கோல்ட்பெர்கரின் கையில் சோதனை இருந்தது. இவர் கையில் கோல்ட்பெர்கரின் கதை இருக்கிறது.

ஜனவரி 17, வெள்ளி

சாயங்காலம் முகக்கவசத்தோடு கால்டெக் வரை நடந்தேன். உரை நடந்து இன்றோடு 22 வருடம்.

1950-களில் இதே வளாகத்தில் ஆய்வாளராக இருந்தவர் சார்லஸ் கீலிங். காற்றிலுள்ள கரியமில வாயுவைத் துல்லியமாக அளக்கும் கருவியை இங்கேதான் உருவாக்கினார். அந்த வாயுவின் அளவு இடத்துக்கு இடம் தாறுமாறாக மாறும் என்று அன்று பலர் நினைத்திருந்தார்கள். சுத்தமான காற்றில் எங்கே அளந்தாலும் கிட்டத்தட்ட ஒரே அளவுதான் என்று காட்டினார். 1958 மார்ச்சில் ஹவாயின் மௌனா லோவாவில் முதல் அளவு, பத்து லட்சத்துக்கு 313 பங்கு. இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது.

அவருக்கும் முன்னால் 1938-ல் கை காலண்டர் (Guy Callendar) என்றொருவர். நீராவி எஞ்சினியர், வானிலைத் துறைக்கு வெளியாள். உலகம் சூடாகிறது, கரியமில வாயு அதற்கு ஒரு காரணம் என்று லண்டனில் போய்ச் சொன்னார். கேட்ட நிபுணர்கள் நம்பவில்லை. கிரைட்டனின் பட்டியலுக்கு அச்சில் வார்த்த நாயகன், ஆனால் உரையில் அவருக்கு இடமில்லை. இடம் கொடுத்தால் கதை தலைகீழாகிவிடும்: இன்றைய ஒருமித்த கருத்தே நேற்றைய தனியாட்கள் அளந்து அளந்து கட்டியது.

ஜனவரி 18, சனி

வட்டம் இரண்டரை மணி நேரம் ஓடியது. காலண்டரை நடுவில் இறக்கினேன்.

மதுரை சார் ரிட்டையர்டு பிசிக்ஸ் வாத்தியார், சும்மா விடுவாரா. “ஏம்மா, அப்ப மெஜாரிட்டி சொன்னா சரின்றீங்களா?”

“இல்ல சார். மெஜாரிட்டி எப்படி அங்க வந்து சேர்ந்துச்சுன்னு பாக்கணும்ன்றேன்.”

“அதத்தானம்மா அவரும் சொல்றாரு!”

“சொல்றாரு சார். செய்யல.”

1900-ல் இருந்தவர்கள் 2000-ஐ நினைத்துக் குதிரைச்சாணத்துக்காகக் கவலைப்பட்டிருப்பார்கள் என்ற கிரைட்டனின் கிண்டலை சார் வாசித்துக் காட்டினார். எல்லோரும் சிரித்தோம், நானும்தான். அபாரமான வசனகர்த்தா.

ஜனவரி 20, திங்கள்

உரைக்குப் பிறகு நடந்தவற்றைப் புரட்டினேன். 2004 இறுதியில் இதே கருத்தை நாவலாக்கினார், அடிக்குறிப்பும் வரைபடமுமாக. 2005 செப்டம்பரில் அமெரிக்க செனட் குழு அவரைச் சாட்சியாக அழைத்தது. 2006-ல் பெட்ரோலிய நிலவியலாளர் சங்கம் அந்த நாவலுக்கு இதழியல் விருது கொடுத்தது. நாவலுக்கு, இதழியல் விருது!

2007 மார்ச்சில் நியூயார்க்கில் ஒரு விவாத மேடை: ‘புவி வெப்பமாதல் நெருக்கடி அல்ல’. அதை ஆதரித்துப் பேசிய அணியில் கிரைட்டன். பார்வையாளர்களிடம் தொடங்குமுன் ஆதரவு 30%, எதிர்ப்பு 57%. முடிந்தபின் ஆதரவு 46%, எதிர்ப்பு 42%. எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் காலநிலை விஞ்ஞானிகள். ஒருமித்த கருத்து அறிவியல் ஆகாது என்றவரின் அணி கைதட்டல் ஓட்டில் ஜெயித்திருக்கிறது.

ஜனவரி 28, செவ்வாய்

லாஸ் ஏஞ்சல்ஸ் தீ பற்றிய விரைவு ஆய்வு வந்துவிட்டது. தீக்குப் பொறி வைத்தது எது என்பது வேறு விசாரணை. அதைப் பரவவிட்ட வறட்சி, வெப்பம், காற்று மூன்றும் சேர்ந்து வரும் வாய்ப்பை வெப்பமாதல் சுமார் 35% கூட்டியிருக்கிறது என்கிறார்கள். நிச்சயமின்மை எவ்வளவு என்பதையும் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார்கள். குழுவில் போட்டேன்.

கால் மணி நேரத்தில் மதுரை சார்: “இதுவும் கம்ப்யூட்டர் மாடல் கணக்குத்தானே?”

ஆமாம் சார், மாடலும் இருக்கு, பழைய வானிலைப் பதிவுகளும் இருக்கு என்று செய்முறைப் பக்கங்களைப் பிரித்து அனுப்பினேன். படித்துவிட்டுத் திட்டுகிறேன் என்று பதில் போட்டிருக்கிறார். திட்டட்டும், எந்தப் பக்கம், எந்த வரி என்று சொல்லித் திட்ட வேண்டும் என்று மட்டும் கேட்டிருக்கிறேன்.