செப்டிக் டேங்க்: தொட்டிக்கு முன்னால் மண்ணைப் பாருங்கள்

எல்லாரும் தொட்டியைப் பற்றித்தான் கவலைப்படுகிறார்கள். பெரும்பாலும் காலை வாருவது அதற்கு அடுத்து வரும் உறிஞ்சு குழி, அதாவது தொட்டியிலிருந்து வரும் நீரை மண்ணுக்குள் இறக்கும் குழி. அது அமையப்போகும் ஆழத்தில், ஒரு அடி அகலத்துக்குச் சின்னக் குழி வெட்டி, முந்தின நாளே தண்ணீர் ஊற்றி ஊறவிடுங்கள். காய்ந்த மண்ணில் சோதித்தால் களிமண்கூட நல்லபிள்ளை வேஷம் போடும். மறுநாள் மறுபடி ஊற்றி நேரம் பாருங்கள். ஒரு அங்குலம் இறங்க அரை மணி நேரத்துக்கு மேல் ஆனால் அந்த இடம் வேண்டாம். கிணற்றிலிருந்து 18 மீட்டராவது தள்ளியிருக்கட்டும்.

தொட்டியில் இரண்டு அறை. முதலாவது மொத்தக் கொள்ளளவில் மூன்றில் இரண்டு பங்கு. வெளியேறும் குழாய், உள்ளே வரும் குழாயைவிட 5 செ.மீ. தாழ இருக்க வேண்டும். இரண்டிலும் ‘டீ’ (T வடிவக் குழாய் இணைப்பு) கட்டாயம். வெளிப்பக்க டீயைக் கொத்தனார் விட்டுவிட்டால், மேலே மிதக்கும் கொழுப்பு ஏடு நேரே குழிக்குப் போய் மண்ணின் துளைகளை அடைத்துவிடும். அப்புறம் தொட்டியை எத்தனை முறை உறிஞ்சினாலும் குழி குடிக்காது.

மொட்டை மாடி மழைத் தண்ணீரை இதில் விடவே கூடாது. கசடும் ஏடும் சேர்ந்து தொட்டியில் மூன்றில் ஒரு பங்கு ஆனதும் லாரியைக் கூப்பிடுங்கள். மூடியைத் திறந்து யாரும் உள்ளே இறங்கக் கூடாது. விஷவாயு சில நொடிகளில் ஆளைச் சாய்த்துவிடும்.