கைமாற்று

"மேடம், அந்த வௌவாலு எத்தன நாளைக்கு ஞாபகம் வெச்சிருக்கும்?" என்று எங்கள் ஆய்வக உதவியாளர் கேட்டார். நான் சொன்ன பதிலில் பெரிய பிழையில்லை என்றுதான் இரண்டு மாதங்களாக எனக்கே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அன்று நடத்தியது விலங்குகள் ஒன்றுக்கொன்று உதவுவதைப் பற்றிய பாடம். உறவினருக்கு உதவுவதை 1964இல் உயிரியலாளர் ஹாமில்டன், அவர்களிடமும் தன் மரபணுக்களில் ஒரு பங்கு இருக்கிறது என்ற மரபணுக் கணக்காக விளக்கினார். உறவல்லாதவருக்கு ஏன் உதவ வேண்டும் என்பதற்கு 1971இல் இன்னொரு உயிரியலாளர் ட்ரிவர்ஸ் பதில் தேடினார்: இன்று கொடுத்தால் நாளை திரும்ப வரும். இதற்கு நான் காட்டும் எடுத்துக்காட்டு, இரத்தம் குடிக்கும் வௌவால். பெங்களூரில் ஆங்கிலத்தில்தான் பாடம் என்றாலும், முன்வரிசையிலிருந்த சேலத்துப் பெண்ணுக்காக "நம்ம ஊர்க் கைமாற்று மாதிரி" என்று சொல்லிவைத்தேன். பின்னால் ஸ்லைடுகளைத் துடைத்துக்கொண்டிருந்த உதவியாளர் அண்ணன் அந்த ஒரு சொல்லுக்கு நிமிர்ந்ததைக் கவனித்தேன். அன்று காலையில்தான் இரண்டாயிரம் கேட்டிருந்தார். முன்பு இருமுறை வாங்கியதே திரும்பி வராததால், "இந்த மாசம் முடியாதுண்ணே" என்று சொல்லியிருந்தேன்.

"ரொம்ப நாள் வெச்சிருக்கும்ணே. ஏமாத்துனா மறுபடி குடுக்காது" என்றேன். கையிலிருந்த ஸ்லைடை டியூப்லைட் வெளிச்சத்தில் ஒருமுறை பார்த்துவிட்டு, மரப்பெட்டியின் பள்ளத்தில் செருகினார். "அதுவும் சரிதான் மேடம்."

அவர் என்னைக் குத்திக்காட்டினாரா, வெறும் ஆர்வத்தில் கேட்டாரா என்பது இன்றும் விளங்கவில்லை. ஒப்பந்தக்காரர் சம்பளத்தை இழுத்தடிப்பது என் குற்றமல்ல. ஆனால் ஓசூரில் இருக்கும் என் தம்பி இதைவிடப் பல மடங்கு தர வேண்டியிருக்கிறது. அவனிடம் ஒருநாளும் கேட்டதில்லை. அங்கே ஹாமில்டன், இங்கே ட்ரிவர்ஸ் என்று எனக்கு வசதியாகப் பிரித்துக்கொண்டிருக்கிறேன் போலும்.

உறுத்துவது 'ஏமாத்துனா' என்ற சொல்தான். இரத்தம் குடிக்கும் வௌவால்கள் இரண்டு மூன்று இரவுகள் தொடர்ந்து பட்டினி கிடந்தால் செத்துவிடும். இரை கிடைத்த வௌவால், கிடைக்காத வௌவாலுக்குத் தான் குடித்ததைக் கக்கி ஊட்டுகிறது. யார் யாருக்கு ஊட்டும் என்பதை, உறவைவிட முன்பு பெற்ற உதவியே நன்றாக முன்னுணர்த்துகிறது என்று கார்ட்டர், வில்கின்சன் என்ற ஆய்வாளர்கள் 2013இல் காட்டினார்கள். என் பதில் அதைத்தான் நம்பியிருந்தது. ஆனால் இரையே கிடைக்காமல் வந்த வௌவாலை ஏமாற்றுக்காரன் என்று அந்த ஆய்வு எங்கும் சொல்லவில்லை. அந்தச் சொல் என்னுடையது.

மனச்சாட்சியைப் பற்றி எழுதும்போது டார்வின் 1871இல் ஒரு பறவையைக் காட்டுகிறார்: வலசை போகும் உந்துதலில் குஞ்சுகளை விட்டுப் பறந்த தாய்ப்பறவைக்கு நினைவாற்றல் மட்டும் இருந்தால், போய்ச் சேர்ந்த இடத்தில் என்ன வேதனைப்படும் என்று கேட்கிறார். அந்த உந்துதல் தணிந்த பிறகுதான் வேதனை தொடங்கும் என்பதே அவர் சொல்ல வருவது. ஆண்டுதோறும் இதை நடத்துகிறேன். எனக்கு இருந்தது உந்துதல்கூட இல்லை, மாதக்கடைசி எரிச்சல்.

அதன்பின் அவர் கேட்கவில்லை. நானாகக் கொடுத்தால் அவர் அதை எப்படி எடுத்துக்கொள்வார் என்று தெரியாததால், இரண்டாயிரமும் மேசை இழுப்பறையில் ஓர் உறையில் கிடக்கிறது. அடுத்த வாரம் இதே பாடம் இன்னொரு பிரிவுக்கு; ஆய்வகத்தில் வைப்பதா, மேல்மாடி வகுப்பறைக்கு மாற்றுவதா என்று அட்டவணையில் இன்னும் குறிக்கவில்லை.