ஜிஎல்பி-1 கிட் என் கைக்கு வந்து சேர்ந்த கதை

நேற்றுப் பின்னேரம், ஜிஎல்பி-1ஐ அளக்கிற சோதனைக் கிட் இருந்த பெட்டியை ஆய்வுகூடக் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்துச் சாத்திய பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. கொழும்பில் இருந்துகொண்டு ஓமோன் ஆய்வு செய்ய நினைக்கிற தம்பி தங்கச்சிமாருக்காக, சூடு ஆறுமுன் எழுதி வைக்கிறேன்.

சாப்பிட்டதும் குடல் சுரக்கிற ஜிஎல்பி-1 என்ற ஓமோனை அளப்பதுதான் என் கலாநிதிப் பட்ட வேலை. நெறிமுறைக் குழு அனுமதி மூன்று மாதத்தில் வந்துவிட்டது. தமிழ்ச் சம்மதப் படிவத்தில் மட்டும் 'இன்கிரெட்டின்' என்று எழுதிவிட்டு, பிறகு 'சாப்பிட்டவுடன் குடலில் சுரந்து இன்சுலினைக் கூட்டுகிற ஓமோன்' என்று மாற்றினேன். படிவத்தைக் கொடுக்கமுன் வீட்டில் யாராவது ஒரு பெரியவரிடம் வாசிக்கக் கொடுங்கள். அவருக்கு விளங்கினால் போதும், அனுப்பலாம்.

சிக்கல் கிட் வந்து இறங்கியதும் தொடங்கியது. பற்றுச்சீட்டில் 'மனித', 'ஓமோன்' என்ற இரண்டு சொற்களும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. சரக்கு விடுவிக்கிற இடத்தில் இருந்தவர் அதைப் பார்த்துவிட்டு, "மிஸ், மருந்து இறக்குமதி அனுமதிப் பத்திரம் எங்கே?" என்று கேட்டார். இது ஒருவருக்கும் கொடுக்கிற மருந்து இல்லை, இரத்த மாதிரியில் ஓமோனை அளக்கிற சோதனைப் பொருள் என்று சொன்னேன். எழுத்தில் கொண்டுவாருங்கள் என்றார். அது வியாழக்கிழமை.

வெள்ளிக்கிழமை காலை நடந்ததுதான் இன்னும் மனதை அரிக்கிறது. பெட்டி வந்துவிடும் என்று நம்பி, கொட்டாஞ்சேனையில் இருந்து ஒரு அம்மாவை வரச் சொல்லியிருந்தேன். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு பச்சைத் தண்ணியைத் தவிர ஒன்றும் வாயில் வைக்காமல் ஏழு மணிக்கே வந்து வாங்கில் இருந்தா. இரத்தம் எடுக்க முடியாது. ஜிஎல்பி-1 இரத்தத்தில் அரைவாசியாகக் குறைய ஒன்றிரண்டு நிமிடம் போதும். டிபிபி-4 என்ற நொதி அதை வெட்டிவிடும். அந்த நொதியைத் தடுக்கிற பொருளை, இரத்தம் எடுக்கிற குழாயில் முன்கூட்டியே விட்டிருக்கவேண்டும். அந்தத் தடுப்பியும் அதே பெட்டிக்குள் முடங்கிக் கிடந்தது. 1992இல் ஜோன் எங் என்ற அமெரிக்க ஆய்வாளர் கிலா மொன்ஸ்டர் பல்லியின் நஞ்சில் கண்டெடுத்த எக்செண்டின்-4, ஜிஎல்பி-1 மாதிரியே வேலை செய்யும், ஆனால் இந்த நொதிக்கு இலேசில் அகப்படாது. அதனால்தான் அது 2005இல் எக்செனடைட் என்ற சீனி வருத்த மருந்தாக வந்தது. எங்கள் உடம்பில் சுரக்கிறதுக்கு அந்தப் பலம் இல்லை.

மன்னிப்புக் கேட்டு, தேத்தண்ணியும் பிஸ்கட்டும் வாங்கிக் கொடுத்தேன். "பரவாயில்லைப் பிள்ளை, திரும்ப வாறன். என்ர அம்மாவுக்குச் சீனி வருத்தத்தில காலை எடுத்தவங்கள். உங்கட வேலை நடக்கவேணும்" என்றா. எனக்குக் கண் கலங்கிப் போச்சு.

அங்கிருந்து கடிதத்தோடு ஓடினேன். துறைத் தலைவர் வெளியூரில் நின்றதால் கையெழுத்தை ஸ்கேன் செய்து அனுப்பியிருந்தார். அது செல்லாது, மூலப் பிரதிதான் வேண்டும் என்று திருப்பிவிட்டார்கள். போகவர அரை நாள் வீண். அடுத்தது சனி, ஞாயிறு, திங்கள் போயா (பௌர்ணமி) விடுமுறை. இரண்டு முதல் எட்டுப் பாகைக்குள் இருக்கவேண்டிய பெட்டி. கிளியரிங் பார்க்கிற அண்ணாதான் அங்கே ஆட்களோடு கதைத்து, அதைக் குளிர் அறைக்குள் வைப்பித்தார். அவருக்கு என் நன்றி.

செவ்வாய் காலை மூன்றே வசனத்தில் புதுக் கடிதம்: இது மருந்து அல்ல, விற்பனைக்கு அல்ல, தொற்றக்கூடிய பொருள் எதுவும் இல்லை. மையினால் போட்ட கையெழுத்து, றப்பர் முத்திரை, தயாரிப்பாளரின் விபரத்தாள், நெறிமுறை அனுமதியின் பிரதி. இருபது நிமிடத்தில் விட்டுவிட்டார்கள்! இந்த நாலையும் பெட்டி புறப்படமுன்னமே ஏஜென்டிடம் கொடுத்து வையுங்கள். பற்றுச்சீட்டில் 'ஆய்வுக்கு மட்டும்' என்று அச்சிடச் சொல்லிக் கேளுங்கள். போயா நாட்காட்டியைப் பார்த்து, திங்கள் செவ்வாயில் இறங்குமாதிரி அனுப்பச் சொல்லுங்கள். காலாவதித் திகதியையும் முதலே கேளுங்கள். நான் கேட்கவில்லை, எனக்கு நாலு மாதம்தான் மிச்சம். தடுப்பி அநேகமாகக் கிட்டோடு வராது, தனியாக ஓடர் பண்ணவேண்டும். முடிந்தால் அதை வேறு பெட்டியில் எடுப்பியுங்கள்.

கிட்டில் இருக்கிற ஒரு சோதனைத் தட்டில் 96 குழி. ஒப்பிட்டுப் பார்க்கிற, அளவு தெரிந்த நியமக் கரைசலுக்கும் கட்டுப்பாட்டு மாதிரிக்கும் 16 போனால் 80. ஒவ்வொரு மாதிரியையும் இரண்டு குழியில் வைத்தால் 40 மாதிரி. 75 கிராம் குளுக்கோஸ் குடிக்கமுன் ஒரு தடவை, குடித்தபின் நாலு தடவை இரத்தம் எடுத்தால் ஒருவருக்கு ஐந்து. ஆக எட்டே எட்டுப் பேர். ஒரு பெட்டி பழுதாகினால் எட்டுப் பேரின் பட்டினி வீண்.

பெட்டியைத் திறக்கும்போது கை நடுங்கியது. ஜெல் பொதிகள் இளகி, பொலித்தீனில் தண்ணி முத்து முத்தாக நின்றது. வெப்பநிலைப் பதிவுக் கருவியைக் கணினியில் செருகினேன். ஆகக் கூடியது 7.6.

கொட்டாஞ்சேனை அம்மாவுக்கு உடனே போன் எடுத்தேன். நாளைக் காலை ஏழு மணிக்கு வாறா. ஐஸும் குழாய்களும் எடுத்து வைத்துவிட்டேன்.